பத்தொன்பதாம் பக்கத்துக்காரர்

வண்டியின் பக்கக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டு, மீசையின் இடது நுனியை எச்சில் தொட்டுக் கீழே இழுத்துவிடுகிறார். வலது நுனி முறுக்கியபடியே இருக்கலாம். இருக்கைக்கு அடியிலிருந்து சிவப்புக் கழுத்துத் துணியை எடுத்து உதறி, முடிச்சு காதுக்குக் கீழே வரும்படி கட்டுகிறார். கடைசியாக ஒரு பஞ்சு உருண்டையைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்கிறார். கன்னம் புடைத்து, அந்தப் பக்கத்துக் கண் தானாகவே சுருங்கிவிடுகிறது. அதற்குள் பள்ளிக்கூடத்துக் கம்பிக் கதவில் தொற்றிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு வாண்டு பார்த்துவிடும். “பத்தொன்பது வந்துட்டான்டா!” அவ்வளவுதான், மைதானமே அல்லோலகல்லோலப்படும்.

பத்தொன்பது என்பது பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர். அந்நியப் படையை எதிர்த்து நாடு நடத்திய விடுதலைப் போரைப் பற்றி ஒரு பதிப்பகம் இரண்டு புத்தகங்கள் போட்டிருக்கிறது. பெரியவர்களுக்குத் தலையணை கனத்தில் ஒன்று, சிறுவர்களுக்கு ஒல்லியாக, வண்ணப் படங்களோடு ஒன்று. சிறுவர் புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கம் முழுவதையும் ஒரே படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. போராளிகள் ஒளிந்திருக்கும் இடத்தை அந்நிய அதிகாரியின் காதில் ஓதிக்கொண்டிருக்கிறான் ஒரு துரோகி. புடைத்த கன்னம், ஒரு பக்கம் இறங்கிய மீசை, சிவப்புக் கழுத்துத் துணி, பாதி மூடிய கண். அந்த முகம் இவருடையது. அந்தப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகிற வண்டியை ஓட்டுகிறவரும் இவரே.

வண்டி ஓட்டுவதில் அவருக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. சரிவில் இறங்கி ஒரு பாலத்துக்குப் போகும் சாலை எங்கே வந்தாலும் இன்ஜினை அணைத்துவிடுவார். வண்டி சத்தமில்லாமல் உருண்டு பாலத்தில் ஏறி, பாதி தூரம் போய்த் தளரும்போதுதான் மறுபடி சாவியைத் திருப்புவார். டீசலை எப்படி மிச்சம் பிடிக்கிறார் பாருங்கள் என்று பதிப்பக முதலாளி மற்ற ஓட்டுநர்களிடம் மெச்சிக்கொள்கிறார். மிச்சமாவது ஒன்றாவது. போர் நடந்த காலத்தில் மீசை சரியாக முளைக்காத வயதில் லாரி ஓட்டியவர் அவர். விறகுக் கட்டைகளுக்கு அடியில் காயம்பட்ட போராளிகளைப் படுக்க வைத்து, காவல் போட்டிருந்த பாலத்தை இப்படித்தான் உருட்டிக் கடந்தார். கை அன்றைக்குக் கற்றதை இன்னும் மறக்கவில்லை.

பெரியவர்கள் புத்தகத்தில் இது இருக்கிறது. “ஒரு லாரி ஓட்டுநர் அவர்களைத் துணிச்சலாக ஆற்றுக்கு அப்பால் கொண்டு சேர்த்தார்” என்று ஒரே வாக்கியம். அந்த ‘ஒரு’ தான்தான் என்று சொல்ல, அதை எழுதிய பேராசிரியரைத் தேடி ஒருநாள் போனார். பேராசிரியர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார், சாட்சி யாராவது இருக்கிறார்களா என்றார். லாரியில் படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் அக்கரை சேர்வதற்குள்ளேயே செத்துப்போனார்கள், மீதிப் பேர் அடுத்த சண்டையில் செத்துப்போனார்கள். சாட்சிக்கு அவர் எங்கே போவார்? “நீங்க சொல்றது உண்மையா இருக்கலாங்க. இருக்கலாங்கிறத வெச்சு நான் எழுத முடியாதே” என்று வருத்தத்தோடு சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அதே பேராசிரியர், போராளிகளைக் காட்டிக்கொடுத்தது யார் என்பதைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே எழுதியிருக்கிறார். மூன்று பேர்மீது சந்தேகம் இருந்தது, இன்றுவரை எதுவும் உறுதியாகவில்லை என்பதுதான் அதன் சாரம். அதைச் சிறுவர்களுக்காகச் சுருக்கும்போது மூன்று பேர் ஒருவனாகிவிட்டார்கள். சந்தேகம் காற்றோடு போய்விட்டது. ஏன் என்று இவர் பின்னாளில் கேட்டபோது முதலாளி சிரித்துக்கொண்டே விளக்கினார். “பிள்ளைங்களுக்கு ஒருத்தன் வேணும்ணே. மூணு பேருன்னா குழம்பிடுவாங்க.” பெரியவர்களுக்கு எழுத ஆதாரம் தேவை. பிள்ளைகளுக்குக் கையில் கிடைத்த மூஞ்சி போதும் என்று இந்த உலகத்தில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

கையில் கிடைத்த மூஞ்சி என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னதல்ல. சிறுவர் புத்தகத்துக்குப் படம் போட்டவர் இவர் மனைவியின் தம்பி. கற்பனையாக முகம் வரைய அவருக்குக் கை வராது. வாட்டசாட்டமான பால்காரர் அவருடைய தளபதி ஆனார், எதிர்வீட்டு மருத்துவரின் மகள் கொடி பிடிக்கும் வீராங்கனை ஆனாள். “அத்தான், போர்ப் புஸ்தகத்துக்குப் படம் போடறேன், உங்க முகம் வேணும்” என்று அவர் சொல்லியனுப்பியபோது இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லாரியைத்தான் போடப்போகிறான் என்று நினைத்துக்கொண்டார். அப்போது உயிரோடு இருந்த மனைவியும் அப்படியே நினைத்து, சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

போகவேண்டிய நாளில் கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. கன்னம் வீங்கி, கண் பாதி மூடிவிட்டது. இன்னொரு நாள் வருகிறேன் என்றால் வேறு யாரையாவது உட்கார வைத்துவிடுவானோ என்ற பயத்தில், வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்கவும் முடியாமல், போய் உட்கார்ந்தார். ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். “கை வேண்டாம் அத்தான், முகம் மட்டும் போதும்” என்றார் மைத்துனர். வரைந்துகொண்டே, இந்த முழி லேசில் யாருக்கும் வராது என்று பாராட்டவும் செய்தார். இவரும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

புத்தகத்தை அவர் முதலில் பார்த்தது, கட்டுகளை வண்டியில் ஏற்றியபோதுதான். ஒரு பிரதியை உருவி லாரியைத் தேடினார். லாரியைக் காணோம். புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாக அச்சாகும் என்பதால், முப்பத்திரண்டு பக்கத்துக்குள் அடக்குவதற்காக லாரி வரவேண்டிய இரண்டு பக்கங்களை வெட்டிவிட்டார்கள். தேடிக்கொண்டு வந்தவர் பத்தொன்பதாம் பக்கத்தில் நின்றார். பாவம், இவனுக்கும் பல்வலி போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரிப்பார். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வருவதில்லை. மைத்துனரிடம் போய்ச் சண்டை போட்டதற்கு, “வெறும் படம்தானே அத்தான், யாருக்குத் தெரியப்போகுது?” என்று பதில் வந்தது.

யாருக்குத் தெரியவேண்டுமோ அவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரு பள்ளியில் கட்டைப் பிரித்துப் புத்தகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பொடியன் பக்கத்தைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், மறுபடி பக்கத்தைப் பார்த்தான். ஒரு அலறல். கையிலிருந்த தாளைக் கசக்கி இவர் முகத்தில் எறிந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எறிந்தார்கள். ஆசிரியர்கள் பதறிப்போய் அதட்டினார்கள். அன்றைக்கு வண்டியோடு வந்திருந்த முதலாளி மட்டும் பதறவில்லை. சாயங்காலம் வண்டியில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை என்பதைத்தான் அவர் பார்த்தார்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக ஏற்பாடாயிற்று. முதலாளி வசனம் எழுதிக் கொடுத்தார். துரோகி முதலில் “நான் துரோகி இல்லை” என்று சாதிக்க வேண்டும். பிள்ளைகள் “பொய்! பொய்!” என்று கத்த வேண்டும். பிறகு அவன் முழங்காலில் விழுந்து, பணத்துக்காகத்தான் காட்டிக்கொடுத்தேன் என்று அழ வேண்டும். அப்போது பிள்ளைகள் காகித உருண்டையை எறியலாம். உருண்டைக்குக் காகிதமும் பதிப்பகமே மூட்டையாகக் கொடுத்தனுப்புகிறது. பெரியவர்கள் புத்தகத்தைச் சீந்துவார் இல்லை, கிடங்கில் மக்குகிறது, அதன் தாள்களைத்தான் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை தன் நெற்றியில் பட்ட உருண்டையை அவர் பிரித்துப் பார்த்தார். லாரி வரும் பக்கமாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. உப்புக்கு அந்நியர் போட்ட வரியைப் பற்றிய பக்கம் அது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டியை எடுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் வாயிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, அதே ஆள் புத்தகங்களை விநியோகிக்கிறார். சில சின்னப் பிள்ளைகள் அவர் கையால் வாங்க மாட்டோம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும். அப்போது புத்தகத்தைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார். கோபமே வராதா என்று கேட்டால், “அதுங்களுக்கு என்ன தெரியும்? சொல்லிக்கொடுத்தத செய்யுதுங்க” என்பார். பெரியவர்கள் விஷயம்தான் அவருக்குப் பிடிபடவில்லை. பல வருஷமாக அவருக்கு முடி வெட்டுகிறவர் ஒருநாள் கத்தரியை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, நிஜமாகவே அது நீங்கள் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றதும், “புஸ்தகத்துல சும்மாவா போடுவாங்க?” என்று முணுமுணுத்துக்கொண்டே மிச்ச முடியை வெட்டினார்.

வேலையை விட்டுத் தொலைத்திருக்கலாம். விட்டுவிட்டு எங்கே போவது? அவர் வயதில் இருப்பவருக்கு வண்டிச் சாவியைக் கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. முதலாளி கொடுத்துக்கொண்டிருப்பதே அந்த முகத்துக்காகத்தான். வீட்டில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் மகளும் அவளுடைய பெண்ணும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார்.

இத்தனை வருஷமும் எறிந்தவர்கள் எல்லாம் ஊரார் வீட்டுப் பிள்ளைகள். இந்த வருஷம் பேத்தி அந்தப் புத்தகம் படிக்கிற வகுப்புக்கு வந்துவிட்டாள்.

வண்டி வருவதற்கு முன்பே போன வருஷத்துப் பிரதிகளை வகுப்பில் கொடுத்துவிட்டார்கள். புத்தகம் கைக்கு வந்த அன்றே அவள் ஓடிவந்து மடியில் விரித்தாள். தாத்தா புத்தகத்தில் வந்துவிட்டார் என்று ஒரே கும்மாளம். கீழே இருந்த வரிகளை எழுத்துக்கூட்டி முடித்ததும் நிமிர்ந்து, “நீ ஏன் தாத்தா காட்டிக்கொடுத்த?” என்று கேட்டாள். அது காட்டிக்கொடுத்த முகம் இல்லை, பல்வலி முகம் என்றார். பல் வலித்தால் காட்டிக்கொடுப்பார்களா என்று அடுத்த கேள்வி வந்தது. வேறு வழியில்லாமல் லாரிக் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். விறகு, சரிவு, அணைத்த இன்ஜின், பாலத்தில் தூங்கி வழிந்த காவல்காரன். வாயைப் பிளந்து கேட்டாள். முடிந்ததும் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, “அது எந்தப் பக்கத்துல இருக்கு?” என்றாள்.

அது இந்தப் புத்தகத்தில் இல்லை என்று சொல்லாமல், புத்தகத்தை மூடி அவள் பையில் வைத்தார். ஆனாலும் அவள் நம்பினாள். அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று, பத்தொன்பதாம் பக்கத்தில் இருப்பது எங்கள் தாத்தா, அவர் துரோகி இல்லை, லாரி ஓட்டினவர் என்று சொல்லிவிட்டாள். முதல் பாதியை மட்டும் வகுப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவளோடு பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. விளையாட்டில் எதிர் அணிக்கு உளவு சொல்லிவிடுவாள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இது மகளுக்குத் தெரியவந்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத பிறகுதான்.

மகள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்று தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “நீங்க எந்த ஊர்ல வேணா போய் அடி வாங்குங்கப்பா. அவ பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வராதீங்க.” அவர் தலையாட்டினார். அவருக்கும் வேண்டியிருந்தது அதுதான், வேறொன்றும் இல்லை. அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பும்படி முதலாளியிடம் போய் நின்றார். தலைமையாசிரியை ஆட்டத்தோடுதான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், முகம் இல்லாமல் வண்டியை மட்டும் அனுப்பி என்ன செய்வது என்றார் முதலாளி. பேத்தி படிக்கிற பள்ளி என்பதை மென்று விழுங்கிச் சொன்னார். முதலாளிக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம். “அப்ப இன்னும் நல்லாருக்குமேண்ணே! அந்தப் பாப்பாவையே முதல்ல எறியச் சொல்லலாம்.” முடியாது என்று இவர் சொன்னபோது, முடியாதென்றால் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போங்கள் என்று அதே சிரிப்போடு பதில் வந்தது. சாவி இவர் கையிலேயே இருந்தது.

போவதென்று ஆனபிறகு, இத்தனை வருஷத்தில் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது. வசனத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னால் என்ன? நூறு பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு பெஞ்சாவது நகர்ந்து பேத்திக்கு இடம் விடாதா? மகளிடம் சொல்லவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு மீசையைத் தொடவில்லை. கழுத்துத் துணி இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. பஞ்சு வைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையும் மூக்குக் கண்ணாடியுமாக இறங்கியவரைப் பார்த்து, வேஷம் போடவில்லையா என்று தலைமையாசிரியை முகம் சுளித்தார். பிள்ளைகள் வரிசை வரிசையாக மைதானத்தில் நின்றார்கள். ஆளுக்கொரு உருண்டை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மூன்றாவது வரிசையின் கோடியில், இரண்டு பக்கமும் கொஞ்சம் இடைவெளியோடு, பேத்தி நின்றாள். அவளிடமும் ஒரு உருண்டை இருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “பிள்ளைங்களா, உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். நான் துரோகி இல்ல.”

“பொய்!” என்று மைதானம் ஒரே குரலில் முழங்கியது.

அவர் கையை உயர்த்தினார். நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றார். அந்தப் போரில் நான் லாரி ஓட்டினேன், காயம்பட்டவர்களை விறகுக்கு அடியில் வைத்துப் பாலத்தைக் கடந்தேன் என்றார். “பொய்! பொய்!” என்று பிள்ளைகள் குதித்தார்கள். போன வருஷத்தைவிடப் பிரமாதமாக நடிக்கிறார், கண்ணில் தண்ணீர்கூட வருகிறது பாருங்கள் என்று ஒரு ஆசிரியை பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பேத்தி மட்டும் “உண்மைதான்” என்று ஏதோ கத்தியிருக்க வேண்டும். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. முதல் உருண்டை அவர் தோளில் பட்டது. அப்புறம் கணக்கில்லை.

எல்லாரும் எறிந்து ஓய்ந்தபோது ஒரே ஒரு உருண்டைதான் பாக்கி. வரிசைகள் கலைந்து அவளைச் சுற்றி வளையமாகிவிட்டன. “அவ எறியல பாரு.” “எறிய மாட்டா, அவன் ஆளு அவ.” “அவளும்தான்டா.” அவள் உருண்டையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தாத்தாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வந்திருந்த முதலாளி, “ம், பாப்பா, எறி” என்று உற்சாகப்படுத்தினார். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். வளையம் இன்னும் ஒரு அடி நெருங்கியது. ஒரு பிள்ளை அவள் பின்னலைப் பிடித்து இழுத்தது.

அவர் பிள்ளைகளை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முழங்கால்களை ஒவ்வொன்றாக மண்ணில் ஊன்றி, அவள் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, கண்களை மூடிக்கொண்டார்.